அளந்து பார்க்காமல் கார்டை மாற்றாதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். ஆனாலும் முழுசாகப் படியுங்கள். சில ஆயிரம் ரூபாய் மிஞ்சும்.

கோடை லீவு வந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "சார், பையன் கம்ப்யூட்டர்ல கேம் திக்கித் திக்கி ஓடுது. கடையில காட்டினோம். கிராபிக்ஸ் கார்டு போச்சு, புதுசு போட்டாத்தான் சரியாகும்னு சொல்றாங்க. வாங்கிடலாமா?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அளந்து பார்த்தாங்களா?"

அந்தப் பக்கம் அமைதி. கேட்டவர்களில் ஒருவர்கூட இதுவரை "பார்த்தாங்க" என்று சொன்னதில்லை.

காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் தெர்மாமீட்டர் வைக்கிறார். வைக்காமலே "கிட்னி போச்சு, மாத்திடலாம்" என்று சொன்னால் நாம் சும்மா விடுவோமா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். சுமாரான கார்டு என்றாலே பதினைந்தாயிரம், இருபதாயிரம். நம் ஊரில் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து உட்கார்ந்த அம்மாவின் சம்பளத்திலிருந்து வருகிறது. தள்ளி எடுத்த சீட்டிலிருந்து வருகிறது. ஓவர்டைமிலிருந்து வருகிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 'லேக்' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். அது மூன்று தனித்தனி நோய்.

ஒன்று, நெட் தாமதம். சுட்டால் எதிரி அரை நொடி கழித்து விழுகிறான், ஓடினால் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகிறது. படம் மட்டும் வழுவழுப்பாக ஓடுகிறது. இதற்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை. வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்துப் பாருங்கள்.

இரண்டு, மொத்தமாகவே மெதுவாக ஓடுவது. எந்த இடத்திலும் வேகம் இல்லை, எல்லாம் ஒரே மாதிரி மந்தம்.

மூன்று, திக்கல். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு கணம் நின்று மறுபடி ஓடும். இதில்தான் அதிகம் ஏமாற்றப்படுகிறோம். மூலையில் காட்டும் எஃப்பிஎஸ் எண் 60 என்று நன்றாகவே இருக்கும்.

அது எப்படி? ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் வாணியம்பாடிக்கு மணிக்கு 6 பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் நிம்மதி. ஐந்து பஸ் அடுத்தடுத்து வந்து போய்விட்டு, ஆறாவது நாற்பது நிமிடம் கழித்து வந்தால்? கணக்கில் அப்போதும் மணிக்கு 6 பஸ்தான். வெயிலில் நின்றவனைக் கேளுங்கள், அவன் சொல்வான் வித்தியாசத்தை.

நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். 59 படங்கள் 12 மில்லி செகண்டில் வந்து, ஒரே ஒரு படம் மட்டும் 292 மில்லி செகண்ட் எடுத்தாலும் எண் 60 என்றுதான் காட்டும். கண்ணுக்கு அந்த ஒரு படம்தான் உறுத்தும். 2011-ல் ஸ்காட் வாசன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இப்படி ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரத்தை அளந்து எழுதினார். அதற்குப் பிறகு விமர்சகர்கள் சராசரியை மட்டும் நம்புவதை விட்டார்கள். நம் கடைக்காரர்கள் இன்னும் விடவில்லை.

சரி, திக்கலுக்குக் கார்டுதான் காரணமா? ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். கட்டிங் செக்ஷனிலிருந்து துண்டு வந்தால்தான் ஸ்டிச்சிங்கில் தைக்க முடியும். அப்பர் தைத்து வந்தால்தான் லாஸ்டிங்கில் ஏற்ற முடியும். கட்டிங்கில் ஆள் குறைந்துவிட்டால் லாஸ்டிங் மெஷின் சும்மா நிற்கும். அப்போது சூப்பர்வைசர் வந்து "லாஸ்டிங் மெஷின் பழசு, புதுசு வாங்குங்க" என்றால் நீங்களே சிரிப்பீர்கள்.

கம்ப்யூட்டரில் பிராசஸர்தான் கட்டிங். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று கணக்குப் போட்டு அனுப்புவது அது. வந்ததைப் படமாக வரைந்து தள்ளும் கிராபிக்ஸ் கார்டுதான் லாஸ்டிங். ராம், இரண்டுக்கும் நடுவில் சரக்கு வைக்கும் மேஜை. ஹார்டு டிஸ்க், குடோன். எந்த இடத்தில் தேங்கினாலும் கடைசியில் படம்தான் நிற்கும். படம் நிற்பதைப் பார்த்து வரைகிறவன் மேல் பழி போடுகிறோம்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பெயர், கடை எதுவும் வேண்டாம். என்னிடம் படித்த ஒரு பெண், இப்போது ஷூ கம்பெனியில் தையல் வேலை. மகன் காலேஜில் படிக்கிறான். ஐ3 பிராசஸர், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. வாலரன்ட் விளையாடினால் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் திக்க ஆரம்பிக்கும். கடையில் காட்டியிருக்கிறார்கள். ஆன் செய்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "1650 எல்லாம் இப்போ தாங்காதும்மா" என்று சொல்லி, இருபதாயிரத்துக்கு மேல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் சீட்டு எடுக்கத் தயாராகிவிட்டாள். நல்லவேளையாக அதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தாள்.

கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்து வரச் சொன்னேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்று ஒரு சாஃப்ட்வேர். இலவசம். விளையாடும்போதே திரையின் ஓரத்தில் எண்களைக் காட்டும். பையனை அரை மணி நேரம் விளையாடவிட்டு எண்களைப் பார்த்தோம். கார்டின் உழைப்பு பாதியைக்கூடத் தாண்டவில்லை. பிராசஸரின் சூடோ 100 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் பிராசஸர் கருகாமல் இருக்க, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். குறைத்த ஒவ்வொரு முறையும் படம் திக்கியது.

திறந்து பார்த்தால், பிராசஸர் மேல் இருக்கும் ஃபேனைப் பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. ஹீட்சிங்க்கின் இடுக்கெல்லாம் தூசி, கம்பளி போட்டு மூடின மாதிரி. தூசியைத் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, ஊசியை 'டக்' என்று அழுத்தினோம். ராம் ஒரே குச்சியாக இருந்தது. அதற்கு ஜோடியாக இன்னொரு 8 ஜிபி போட்டோம். அன்றைய விலையில் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். பழைய 1650-தான் இன்றும் ஓடுகிறது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் புதுக் கார்டு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சூடான பிராசஸருக்காக இந்தக் கார்டு காத்திருந்த மாதிரியே அந்தக் கார்டும் காத்திருக்கும். திக்கல் போயிருக்காது. அப்புறம் "எஸ்எம்பிஎஸ் மாத்துங்க", அப்புறம் "போர்டு மாத்துங்க" என்று போயிருக்கும். மாதக்கணக்கில் குனிந்து தைத்த காசு.

எனவே கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே இவற்றைப் பாருங்கள். வரிசை முக்கியம்.

1. மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? கம்ப்யூட்டரின் பின்னால் மேலே மதர்போர்டுக்கு ஒரு சாக்கெட், கீழே கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு சாக்கெட். மேலே சொருகியிருந்தால் காசு கொடுத்து வாங்கின கார்டு பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். சிரிக்காதீர்கள், மூன்று வீட்டில் நானே மாற்றிச் சொருகியிருக்கிறேன்.

2. லேப்டாப் என்றால் சார்ஜர் போட்டு விளையாடுகிறானா? பேட்டரியில் ஓடும்போது கார்டு முழுப் பலத்தைக் காட்டாது. மெத்தையின் மேல் வைத்து விளையாடினால் காற்று போகும் வழி அடைத்துவிடும்.

3. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்று போட்டிருக்கும். இரண்டில் ஒன்று என்று இருந்தால், இரண்டு வழிப் பாதையில் ஒன்றை மூடிவைத்து வண்டி ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். ராம் முழுக்க நிரம்பியிருந்தால் கம்ப்யூட்டர் டிஸ்க்கிலிருந்து எடுத்து எடுத்து வைக்கும், அப்போதும் திக்கும். குரோமை மூடிவிட்டு விளையாடிப் பாருங்கள்.

4. கேம் எதில் இருக்கிறது? பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கிலா, எஸ்எஸ்டியிலா? புது ஊருக்குள், புது அறைக்குள் நுழையும்போது மட்டும் திக்கினால் முதல் சந்தேகம் ஹார்டு டிஸ்க் மேல்.

5. விளையாடும்போது மூன்று எண்கள்: கார்டின் உழைப்பு சதவீதம், கார்டின் சூடு, பிராசஸரின் சூடு. நோட்டில் எழுதுங்கள். ஃபிசிக்ஸ் லேபில் ரீடிங் எழுதின மாதிரி, நேரத்தோடு எழுதுங்கள்.

6. கேம் செட்டிங்கில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் அதுவரை திணறியது கார்டு. கொஞ்சமும் கூடவில்லை என்றால் கார்டு நிரபராதி, பிராசஸர் பக்கம் பாருங்கள்.

7. திக்கும்போது கார்டின் மெமரி நிரம்பி வழிகிறதா? 4 ஜிபி கார்டில் 'டெக்ஸ்சர்' தரத்தை உச்சத்தில் வைத்தால் அப்படித்தான் ஆகும். ஒரு படி குறையுங்கள்.

திக்காமல், திடீரென்று மொத்தமாக அணைந்து மறுபடி ஆன் ஆனால் அது வேறு கதை. எஸ்எம்பிஎஸ், கரன்ட், எர்த்திங் மூன்றையும் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கென்று இரண்டு விஷயம். ஒன்று வெயில். கத்திரியில் வேலூர், ஆம்பூர் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. நான் வகுப்பில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. அறை 15 டிகிரி ஏறினால் சிப்பும் கிட்டத்தட்ட அந்த 15 டிகிரி ஏறும். ஜனவரியில் 68-ல் ஓடின கார்டு மே மாதத்தில் 83-ஐத் தொடும். என்விடியாவின் பல கார்டுகள் அந்த அளவில்தான் வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். மே மாதத்தில் மட்டும் திக்கும் கம்ப்யூட்டருக்குக் கார்டு கெடவில்லை, காற்று கிடைக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், சுவரோடு ஒட்டி, மர மேஜையின் மூடின அறைக்குள் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, மேலே துணி வேறு போட்டு மூடுகிறோம்! வெளியே எடுங்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். எஃப்பிஎஸ்ஸை 60-க்குக் கட்டுப்படுத்துங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 140 ஓட்டுவது சூடு ஏற்றத்தான் உதவும்.

இன்னொன்று டேனரிக் காற்று. தோலில் முடி நீக்க சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அதிலிருந்து வரும் அழுகின முட்டை வாசனையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, வீட்டில் வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும். அதே வாயு கம்ப்யூட்டருக்குள் இருக்கும் செம்பையும் வெள்ளியையும் மட்டும் விட்டுவைக்குமா? கார்டு சொருகும் இடத்தில் தொடர்பு சரியில்லாவிட்டால், 16 தடங்களில் பேச வேண்டிய கார்டு நாலே தடத்தில் பேசும் நிலை வரலாம். ஜிபியூ-இசட் என்ற இலவச சாஃப்ட்வேர் இதைக் காட்டிவிடும். கார்டைக் கழற்றி, பற்களைத் துடைத்து, மறுபடி அழுத்திச் சொருகிப் பார்ப்பதற்குச் செலவு இல்லை.

இப்போது விற்கிறவர்கள் பக்கம் வருவோம். "புதுசு வாங்கினால் சரியாகிவிடும்" என்பதை எந்த நம்பிக்கையில் சொல்கிறார்கள்? பெட்டி மேல் எழுதியிருக்கும் பெயரையே நம்ப முடியாத காலம் இது. என்விடியா 2017-ல் ஜிடி 1030 என்று ஒரு சின்னக் கார்டு கொண்டுவந்தது. அதன் மெமரி நொடிக்கு 48 ஜிபி தள்ளும். 2018-ல் அதே பெயரில் மலிவான டிடிஆர்4 மெமரி போட்டு இன்னொன்று வந்தது. அது தள்ளுவது சுமார் 17 ஜிபி. பெயர் அதே ஜிடி 1030. சின்ன எழுத்தைப் படிக்காதவன் மூன்றில் ஒரு பங்கு வேகமுள்ள மெமரியை வாங்கிக்கொண்டு வந்தான். தோல் ஊர்க்காரர்களுக்கு இது புதிதா? மேல் தோலும் லெதர்தான், அடியில் உரித்த ஸ்பிளிட்டின் மேல் பிளாஸ்டிக் பூச்சு போட்டதும் லெதர்தான், லேபிளில். நாம் மடக்கிப் பார்க்காமல் வாங்குவோமா?

செகண்ட் ஹேண்டில் இன்னும் மோசம். பழைய கார்டின் பயாஸை மாற்றி, புது மாடல் பெயர் தெரிகிற மாதிரி செய்து விற்கிற கூட்டம் உலகம் முழுக்க உண்டு. அது எந்த அளவுக்குப் போனது என்றால், 2018-ல் ஜிபியூ-இசட் சாஃப்ட்வேரில் போலிக் கார்டைக் கண்டுபிடிக்கத் தனி வசதியே சேர்த்தார்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ ரயில் ஏறுகிற தம்பிகள் அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேம் செய்கிற கம்பெனிகளும் உத்தமர்கள் இல்லை. 2015 ஜூனில் பேட்மேன் ஆர்க்கம் நைட் கம்ப்யூட்டருக்கு வந்தபோது ஓடின லட்சணத்தைப் பார்த்து, வெளியிட்டவர்களே சில நாளில் விற்பனையை நிறுத்தினார்கள். 2023 ஏப்ரலில் வந்த ஸ்டார் வார்ஸ் ஜெடை சர்வைவர், அன்று சந்தையிலேயே விலை உயர்ந்த ஆர்டிஎக்ஸ் 4090-லும் திக்கியது. லட்ச ரூபாய்க்கு மேல் கொட்டியவனுக்கே அந்தக் கதி. 'ஷேடர்' என்று கார்டுக்கான கட்டளைகள் உண்டு. அவற்றை உங்கள் கார்டின் மொழிக்கு மாற்ற வேண்டும். முன்கூட்டியே மாற்றி வைக்காமல், விளையாட்டின் நடுவில் மாற்றினால் அந்தக் கணத்தில் படம் நிற்கும். முதல் தடவை திக்கிய இடம் இரண்டாம் தடவை திக்கவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். குற்றம் கேமில். அதற்கு அப்டேட் வர வேண்டும். நீங்கள் கார்டு வாங்கினால் கம்பெனிக்காரன் தப்புக்கு நீங்கள் அபராதம் கட்டுகிறீர்கள்.

யூடியூபில் "எஃப்பிஎஸ் டபுள் ஆக ஒரே ஃபைல்" என்று வருகிற வீடியோக்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். விண்டோஸ் பாதுகாப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, தெரியாத ஃபைலை ஓட்டச் சொல்கிறவன் உங்களுக்கு மாமனா, மச்சானா? டிரைவர் வேண்டுமென்றால் கார்டு செய்த கம்பெனியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

"அப்போ கார்டு பழசாகவே ஆகாதா சார்?" என்று கேட்பீர்கள். ஆகும். கார்டின் உழைப்பு தொடர்ந்து 95-க்கு மேல், சூடு கட்டுக்குள், ராம் இரண்டு குச்சி, ரெசல்யூஷன் குறைத்தால் வேகம் கூடுகிறது, செட்டிங்கைக் குறைத்தும் போதவில்லை. இவ்வளவும் பார்த்துவிட்டீர்களா? தாராளமாக வாங்குங்கள். ஆசைக்கு வாங்குவதிலும் தப்பில்லை. ஆனால் ஆசைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

கடைக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நியாயமில்லை. அந்தக் கடைகளில் நிற்பவர்களிலும் என் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒருவன் என்னிடம் கேட்டான்: "சார், ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து கண்டுபிடிச்சு, ஊசியை அழுத்திக் கொடுத்தா, 'இதுக்கா முந்நூறு ரூபா'ன்னு சண்டைக்கு வர்றாங்க. அதே ஆளு இருபதாயிரம் கார்டுக்குப் பேசாம காசு கொடுக்கிறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம்மில் பலர் பொருளுக்குக் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம். டேனரியில் தோலை வெளிச்சத்தில் விரித்து, தடவிப் பார்த்து, தரம் பிரிக்கிறவருக்குத் தனி மரியாதை, தனிச் சம்பளம். அவர் தோலைப் பதப்படுத்துவதில்லை, தைப்பதில்லை. பார்க்கிறார். அந்தப் பார்வைக்குத்தான் கூலி. கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு மட்டும் ஏன் கூலி கிடையாது?

ஆகவே கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளுக்கு: பார்க்கிற கூலி இவ்வளவு என்று போர்டு எழுதி மாட்டுங்கள். அந்தக் கூலிக்கு, கார்டின் உழைப்பு, இரண்டு சூடு, ராம் எத்தனை குச்சி என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு கார்டு மாற்றச் சொன்னால் உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இருக்கும்.

வாங்குகிறவர்களுக்கு: அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். எண்ணை எழுதித் தராத கடையில் கார்டு வாங்காதீர்கள்.

கடைசியாக, "கேம்தானே, கெட்டுப் போனால் நல்லதுதான், படிப்பான்" என்று சொல்லும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பது உங்கள் வீட்டு விஷயம், கண்டிப்பாக இருங்கள். ஆனால் ஒரு இயந்திரம் ஏன் நிற்கிறது என்று பிள்ளை கேட்கும்போது, அவன் கேட்பது ஃபிசிக்ஸ். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எண்ணை எழுதி, காரணத்தைப் பிடிக்கிற பழக்கம் அவனுக்கு நாளை மோட்டாரிலும் உதவும், மெஷினிலும் உதவும், ஆஸ்பத்திரி பில்லிலும் உதவும். இருபதாயிரம் கொடுத்து அந்தக் கேள்வியை மூடாதீர்கள்.

கம்ப்யூட்டர் திக்குகிறது என்று இனி எனக்குப் போன் செய்கிறவர்கள், அந்த மூன்று எண்களையும் ராம் எத்தனை குச்சி என்பதையும் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். எண் இல்லாமல் வந்தால் பழையபடி பெஞ்சு மேல் நிற்க வைப்பேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.